பயிராக்கவியல் கற்பதனால் வரும் பயன்

விவசாயப் போதனாசிரியர் படலையைத் திறந்து உள்ளே வரும்போது, கமக்காரர் பலருடைய மனத்தில் ஒரு வினா எழுவதுண்டு. "எம் பாட்டனார் காலந்தொட்டு நாம் வயல் செய்து வருகின்றோம். இரண்டு வருடம் பாடசாலையிற் படித்தவர் எமக்கு எதைச் சொல்லித்தரப் போகின்றார்?" என்பதே அவ்வினா. அதனை அவர்கள் மரியாதை காரணமாக வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆயினும் அது நியாயமான வினாவே.

வேறொரு வினாவைச் சிலர் வாய்விட்டே கேட்கின்றனர். "என் மகனை, அல்லது மகளை, விவசாயம் படிக்க அனுப்பலாமா? படித்தபின் பிள்ளை வயலில் இறங்குமா?" என்பது அது. இவ்விரு வினாக்களுக்கும் விடை கூறுவதே இத்துண்டுப்பிரசுரத்தின் நோக்கம். விடையுடன், விவசாயப் பாடசாலையிற் கற்பிக்கப்படுவனவற்றுள் உங்கள் வயலிலும் தோட்டத்திலும் நீங்களே செய்து பார்க்கக்கூடிய சில பாடங்களும் இங்கே தரப்பட்டுள்ளன. அவற்றுக்குக் கல்லூரிக் கட்டிடம் வேண்டியதில்லை. கயிறு, தடி, சாக்குத் துண்டு, ஒரு கொப்பி ஆகியவை போதும்.

பயிராக்கவியல் என்பது யாது?

மண், நீர், விதை, பசளை, காலம் ஆகியவற்றைப் பயிருக்கேற்ற முறையில் ஒன்றுசேர்த்து, நிலத்தின் வளங் குன்றாமல் விளைச்சலைப் பெறும் வழிகளை ஆராயும் கல்வியே பயிராக்கவியலாகும். இவற்றுள் ஒன்றேனும் கமக்காரர் அறியாததன்று. ஆனால், கமக்காரர் இவற்றைத் தம் நிலத்தில் தாம் கண்டதைக் கொண்டு அறிவர். கல்லூரியோ இவற்றை எண்ணியும் அளந்தும் ஒப்பிட்டும் அறியப் பழக்குகின்றது. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இவ்வளவே. இவ்வேறுபாடு சிறிதாகத் தோன்றினும், அறுவடை நாளில் அது பெரிதாகிவிடும்.

முதலாம் வருடத்தில் மாணவர் ஒவ்வொருவருக்கும் சிறிய பாத்தி ஒன்று ஒதுக்கப்படும். அதனைக் கொத்திப் பண்படுத்தி, நாற்று நட்டு, நீர் பாய்ச்சி, அறுவடை செய்து, கணக்கெழுதி ஒப்படைத்தல் மாணவரின் கடமை. எனக்குக் கத்தரிப் பாத்தி கிடைத்தது. கமக்காரரின் மகனாகிய எனக்கு அது கடினமாகத் தோன்றவில்லை. எனினும் பக்கத்துப் பாத்தியில் என்னிலும் இருமடங்கு காய் பறித்தனர். நான் பசளையைக் குறை கூறினேன். மண்ணையுங் குறை கூறினேன். ஆசிரியர் ஒரேயொரு கேள்வியைக் கேட்டார். "உமது பாத்தியில் எத்தனை செடிகள் நிற்கின்றன?" எனக்குத் தெரியவில்லை. எண்ணிப் பார்த்தேன். நட்ட நாற்பதில் இருபத்தேழே நின்றன. நட்ட முதல் வாரத்தில் பட்டுப்போன இடங்களை நான் மறு நாற்றால் நிரப்பவில்லை. இல்லாத செடிக்கு எந்தப் பசளை போட்டும் பயனில்லை என்பதை அன்று அறிந்தேன். அதுவே பயிராக்கவியலில் நான் கற்ற முதற் பாடம்.

விதையை எண்ணி அறிதல்

விதைநெல்லைக் கையில் அள்ளிப் பார்த்து, "நல்ல விதை" என்று கூறுவது எம்மவர் வழக்கம். பார்வைக்கு நல்லதாகத் தோன்றும் விதை முளைக்குமா என்பதைப் பார்வையால் மட்டும் அறிய முடியாது. ஆகவே பின்வருமாறு செய்து பாருங்கள்.

விதைநெல்லில் பல மூட்டைகளிலிருந்தும் சிறிது சிறிதாக எடுத்துக் கலந்து, தெரிவு செய்யாமல் 100 மணிகளை எண்ணுங்கள். அவற்றை ஒரு நாள் நீரில் ஊறவைத்து, ஈரச் சாக்குத் துண்டிற் சுற்றி நிழலில் வையுங்கள். சாக்கு காயாமல் நீர் தெளித்து வர வேண்டும். இரண்டு நாட்களின் பின்னர் முளைத்த மணிகளை எண்ணுங்கள். இதனை மூன்று தடவை செய்து சராசரி காண்பது நன்று. நூற்றுக்கு 85 மணியேனும் முளைப்பின் அது நல்ல விதையாகும்.

வீசி விதைக்கும் வயலுக்கு ஏக்கருக்கு 2 புசல், அதாவது ஏறக்குறைய 40 கிலோகிராம் விதைநெல் போதுமானது. இவ்வளவு நூற்றுக்கு 85 முளைக்கும் விதைக்கே பொருந்தும். நூற்றுக்கு 60 மட்டுமே முளைக்குமாயின், அதே எண்ணிக்கையான நாற்றுகளைப் பெற ஏறக்குறைய 57 கிலோகிராம் வேண்டும். இக்கணக்கை அறியாதவர் இரண்டு வகையில் நட்டப்படுவர். கெட்ட விதையை அளவாக விதைத்து வயலைக் களைக்கு விட்டுக்கொடுப்பவர் ஒரு சாரார். எதற்கும் இருக்கட்டும் என்று நல்ல விதையை நாலு புசல் வீசி, பயிரை நெருக்கி நோய்க்கு இடங்கொடுப்பவர் மறு சாரார்.

பதர் மணிகளை நீக்குவதற்கு உப்புக் கரைசலைப் பயன்படுத்தலாம். புதிய கோழிமுட்டை ஒன்று மிதந்து, அதன் உச்சி சதக் காசளவு வெளியே தெரியும்வரை நீரில் உப்பைக் கரையுங்கள். விதையை அதிலிட்டுக் கிளறி, மிதப்பனவற்றை அகற்றுங்கள். அடியில் தங்கிய பாரமான மணிகளை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவிய பின்னரே ஊறவைக்க வேண்டும். கழுவாது விடின் உப்பு முளையைக் கெடுக்கும்.

மண்ணை அறிதல்

விவசாயப் பாடசாலையில் மண்ணியல் தனிப் பாடமாகக் கற்பிக்கப்படுகின்றது. மண் பரிசோதனையின் பயன், மாதிரி எடுக்கும் முறையிலேயே பெரும்பாலும் தங்கியுள்ளது என்பதை மாணவர் விரைவில் உணர்வர். ஓரிடத்து மண்ணை ஒரு பையில் அள்ளிக் கொடுத்தால், ஆய்வுகூடம் அந்த ஓரிடத்தைப் பற்றியே கூறும். உங்கள் வயலைப் பற்றிக் கூறாது.

வயலில் வளைந்து வளைந்து நடந்து, பத்துப் பதினைந்து இடங்களில், மேற்புறக் குப்பையை நீக்கி, ஆறு அங்குல ஆழத்துக்கு மண்வெட்டியால் ஆப்பு வடிவமாக வெட்டி, அவ்வெட்டின் பக்கத்திலிருந்து ஒரு துண்டு மண்ணை எடுங்கள். வரம்போரம், மர நிழல், எருக் குவித்த இடம், மாடு கட்டிய இடம் ஆகியவற்றைத் தவிர்த்துக்கொள்ளுங்கள். எடுத்த மண்ணைச் சுத்தமான வாளியிற் கலந்து, விரித்து நாற்கூறாக்கி, எதிரெதிரான இரு கூறுகளை நீக்குங்கள். அரைக் கிலோகிராம் எஞ்சும்வரை இவ்வாறு செய்து, நிழலில் உலர்த்திப் பெயரும் நிலத்தின் அடையாளமும் எழுதிக் கொடுங்கள். பசளை இடுவதற்கு முன்னரே மாதிரி எடுக்கப்பட வேண்டும்.

நெற்பயிரின் நாட்களைப் பின்னிருந்து எண்ணுதல்

விதைத்த நாளிலிருந்து முன்னோக்கி எண்ணுவது நமது பழக்கம். அறுவடை நாளிலிருந்து பின்னோக்கி எண்ணக் கல்லூரி கற்பிக்கின்றது. அதற்குக் காரணம் உண்டு. எமது நாட்டில் எந்த வயதுடைய நெல்லாயினும், பூத்த நாளிலிருந்து முற்றுவதற்கு ஏறக்குறைய 30 நாட்கள் செல்லும். அதற்கு முன், தண்டின் உள்ளே கதிர் கண்ணுக்குத் தெரியாத சிறு குருத்தாக உருவாகி, வெளிவந்து பூப்பதற்கு ஏறக்குறைய 35 நாட்கள் செல்லும். இவ்விரண்டும் சேர்ந்து 65 நாட்கள். இனத்துக்கு இனம் பெரிதும் வேறுபடுவது அதற்கு முந்திய, மட்டம் வெடித்து வளரும் காலமேயாகும்.

எனவே உங்கள் நெல்லின் வயதிலிருந்து 65ஐக் கழியுங்கள். மூன்று மாத நெல்லிற் கதிர் உருவாகத் தொடங்குவது விதைத்த 25ஆம் நாளளவில். மூன்றரை மாத நெல்லில் 40ஆம் நாளளவில். நாலு மாத நெல்லில் 55ஆம் நாளளவில். நாற்று நட்ட வயலில் இது சில நாட்கள் பிந்தும். அந்நாளில் பயிர் பசித்திருந்தால், அல்லது நீரின்றி வாடினால், கதிரில் அமையவேண்டிய மணிகளின் தொகை குறையும். கதிர் வெளிவந்தபின் எவ்வளவு பசளை இட்டாலும் குறைந்த மணிகள் திரும்ப வாரா. மூன்று மாத நெல்லை விதைத்தவர், பக்கத்து வயலில் நாலு மாத நெல்லுக்குப் பசளை இடும் நாளைப் பார்த்துத் தாமும் இட்டால், ஒரு மாதம் பிந்திவிடுகின்றார்.

நெல்லின் பெயரே பல வேளைகளில் அதன் வயதைக் கூறும். பத்தலகொடையில் 1952ஆம் ஆண்டு நெல் இனவிருத்தி நிலையம் அமைக்கப்பட்டது. 1958இல் வெளியிடப்பட்ட எச் 4 என்னும் இனம் அந்நாளிற் கமக்காரரிடையே பெரிதும் பரவியது. பின்னர் வந்த பி.ஜி. இனங்கள் அந்த ஊரின் பெயரைத் தாங்கியவை. பி.ஜி. 300 மூன்று மாத நெல், பி.ஜி. 352 மூன்றரை மாத நெல், பி.ஜி. 403 நாலு மாத நெல். முதலில் நிற்கும் இலக்கம் மாதத்தைக் காட்டுகின்றது என்பதை நினைவிற் கொள்க.

விளைச்சலை நான்காகப் பிரித்தல்

"இந்தப் போகம் விளைச்சல் குறைவு" என்று கூறுவதோடு நாம் நின்றுவிடுகின்றோம். எது குறைந்தது எனக் கேட்பது பயிராக்கவியல். நெல் விளைச்சல் நான்கு எண்களின் பெருக்கமாகும். ஒரு சதுர மீற்றரில் நிற்கும் கதிர்கள். ஒரு கதிரிலுள்ள மணிகள். அவற்றுள் நூற்றுக்கு எத்தனை நிரம்பியவை என்பது. நிரம்பிய ஆயிரம் மணிகளின் நிறை என்பனவே அவை.

இவற்றை நீங்களே கணக்கிடலாம். அரை மீற்றர் நீளமான நாலு தடிகளைக் கட்டி ஒரு சதுரச் சட்டம் செய்யுங்கள். அறுவடைக்கு ஒரு வாரம் முன்பு, வயலில் நல்ல இடம் கெட்ட இடம் என்று பாராமல் எட்டு இடங்களில் அதனை வைத்து, உள்ளே நிற்கும் கதிர்களை எண்ணுங்கள். எட்டையும் கூட்டி இரண்டாற் பிரித்தால் ஒரு சதுர மீற்றருக்குரிய சராசரி கிடைக்கும். பின் பத்துக் கதிர்களை எடுத்து, மணிகளையும் பதர்களையும் வெவ்வேறாக எண்ணுங்கள்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சதுர மீற்றருக்கு 300 கதிர். கதிருக்கு 100 மணி. நூற்றுக்கு 80 நிரம்பியவை. ஆயிரம் மணியின் நிறை 25 கிராம் எனக் கொள்வோம். நிரம்பிய மணிகள் 24,000. அவற்றின் நிறை 600 கிராம். ஏக்கருக்கு அது ஏறக்குறைய 2,430 கிலோகிராம்; ஒரு புசல் 21 கிலோகிராம் எனக் கொண்டால் 116 புசல். அதே வயலில் நிரம்பிய மணிகள் நூற்றுக்கு 60 ஆகக் குறைந்தால், கிடைப்பது 87 புசல் மட்டுமே. கதிர்களின் தொகை குறையவில்லை. கதிரின் நீளமும் குறையவில்லை. வரம்பில் நின்று பார்ப்பவருக்கு இரு வயல்களும் ஒன்றாகவே தோன்றும். ஆயினும் 29 புசல் போய்விட்டது.

குறைந்த எண் எதுவென்று அறிந்தால், எப்போது தவறு நிகழ்ந்தது என்பதும் புலப்படும்.

கதிர்கள் குறைவாயின், தவறு முதல் மாதத்தது. விதை முளைக்கவில்லை, வயல் மட்டமாக்கப்படவில்லை, களை மிஞ்சியது, அல்லது தொடக்கத்திற் பசளை போதவில்லை.

கதிருக்கு மணிகள் குறைவாயின், தவறு கதிர் உருவாகும் நாட்களது. அந்நாட்களில் நைதரசனோ நீரோ போதவில்லை. அல்லது விதைப்பு மிக நெருக்கமானது.

பதர் அதிகமாயின், பூக்கும் நாட்களை நினைத்துப் பாருங்கள். நீர் வற்றியதா? அடைமழை பெய்ததா? கதிர்க் கழுத்தில் எரிபந்த நோய் கண்டதா? தண்டு துளைப்பானால் வெண்கதிர்கள் தோன்றினவா?

மணியின் நிறை குறைவாயின், நீரை உரிய காலத்துக்கு முன்னரே வடித்துவிட்டோமா, கதிரையடுத்த இலை நோயால் எரிந்துவிட்டதா எனப் பாருங்கள்.

இந்நான்கு எண்களையும் போகந்தோறும் ஒரு கொப்பியில் எழுதி வைப்பவர், மூன்று போகங்களில் தம் வயலின் குறையை எவருஞ் சொல்லாமலே அறிந்துகொள்வர்.

தோட்டப் பயிரில் வாடிய செடி

தக்காளி, கத்தரி, மிளகாய்த் தோட்டத்தில் பச்சையாய் நின்ற செடி திடீரென வாடுவதைக் கண்டவுடன், சிலர் மருந்துக் கடைக்கு ஓடுகின்றனர். நீர்க்குறைவாலும் செடி வாடும், வேரழுகலாலும் வாடும், பற்றீரியாவாலும் வாடும். இம்மூன்றுக்கும் பரிகாரம் வெவ்வேறு.

வாடிய செடியின் அடித்தண்டில் இரண்டு அங்குலத் துண்டொன்றை வெட்டி, தெளிந்த நீருள்ள கண்ணாடிக் குவளையில் வெட்டுமுகம் நீரிற் படும்படி தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெண்மையான பால்போன்ற இழை தண்டிலிருந்து கீழிறங்கினால், அது பற்றீரியா வாடல் நோயாகும். அதனைத் தெளித்துக் குணமாக்கும் மருந்தில்லை. நோயுற்ற செடியை வேரோடு பிடுங்கி அழிப்பதும், அவ்விடத்து நீர் மற்றப் பாத்திகளுக்குப் பாயாமற் செய்வதும், அந்நிலத்தில் அடுத்த போகங்களில் அதே குடும்பப் பயிரை நடாதிருப்பதுமே வழி. தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, புகையிலை யாவும் ஒரே குடும்பத்தவை. ஒன்றை மாற்றி மற்றொன்றை நடுவது சுழற்சி ஆகாது. நெல், சோளம், குரக்கன் போன்ற புல்லினப் பயிர்களை இடையில் இடுதல் வேண்டும்.

ஒரு குவளை நீர் செலவழித்தவர், பயனற்ற மருந்துக்குரிய பணத்தை மிச்சப்படுத்திக்கொள்வர்.

பசளைக் கணக்கு

2021ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் இரசாயனப் பசளை இறக்குமதி நிறுத்தப்பட்டதையும், அவ்வாண்டு நவம்பரில் அத்தடை நீக்கப்பட்டதையும், 2021/22 பெரும்போக நெல் விளைச்சல் பெரிதும் வீழ்ந்ததையும் நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். அந்நாட்களிற் கமக்காரர் பலர், "யூரியாவுக்குப் பதிலாக எவ்வளவு கூட்டெரு இட வேண்டும்?" எனக் கேட்டனர். இது பயிராக்கவியலின் எளிய கணக்கு.

100 கிலோகிராம் யூரியாவில் 46 கிலோகிராம் நைதரசன் உண்டு. நூற்றுக்கு 1 பங்கு நைதரசன் உள்ள கூட்டெருவிலிருந்து அவ்வளவைப் பெற 4,600 கிலோகிராம் கூட்டெரு வேண்டும். அதிலும் முழுவதும் அப்போகத்திலேயே பயிருக்குக் கிடைக்காது. சிறிது சிறிதாகவே வெளிப்படும். ஆகையால் ஒரே போகத்தில் ஒன்றை நிறுத்தி மற்றொன்றால் ஈடுசெய்தல் எளிதன்று. இதனாற் கூட்டெரு பயனற்றது என்று கொள்ளலாகாது. மண்ணைப் பொலபொலப்பாக்கி நீரையும் சத்தையும் பிடித்து வைப்பது சேதனப் பொருளே. வருடந்தோறும் எருவும் வைக்கோலும் நிலத்துக்குச் சேர்ப்பவரின் வயலில், இடும் இரசாயனப் பசளை வீணாகாது. இரண்டும் ஒன்றுக்கொன்று துணை.

அளவுக்கு மிஞ்சினாலும் கேடுண்டு. யாழ்ப்பாணக் குடாநாட்டிற் சுண்ணக்கல்லின் மேல் அமைந்த செம்மண் தோட்டங்களில், பயிர் எடுக்காது விட்ட நைதரசன் நீரோடு கீழிறங்கி, நைத்திரேற்றாகக் கிணற்று நீரிற் கலக்கின்றது. தோட்டத்துக்கு இறைக்கும் கிணறும் குழந்தைக்குக் குடிக்கக் கொடுக்கும் கிணறும் பல வீடுகளில் ஒன்றே. ஆகவே பசளையை அளந்திடுதல் பணக்கணக்கு மாத்திரமன்று.

ஒப்பிட்டுப் பார்த்தல்

இங்கிலாந்திலுள்ள ரொதம்ஸ்ரெட் என்னுமிடத்தில் 1843ஆம் ஆண்டு லோஸ் என்பவர் கோதுமை வயல் ஒன்றைக் கீற்றுகளாகப் பிரித்து, ஒன்றுக்கு மாட்டெருவும், வேறு சிலவற்றுக்கு வெவ்வேறு பசளைகளும் இட்டு, ஒரு கீற்றுக்கு எதுவும் இடாமல் விட்டார். அப்பரிசோதனை இன்றும் நடைபெறுகின்றது. எதுவும் இடாத அந்தக் கீற்றே அதன் உயிர்நிலை. அது இல்லாவிடின், மற்றக் கீற்றுகளின் விளைச்சல் பசளையால் வந்ததா, மழையால் வந்ததா எனச் சொல்ல முடியாது.

உங்களிடம் ஒருவர் புதிய மருந்தோ, புதிய பசளையோ, புதிய விதையோ கொண்டுவந்தால், முழு வயலிலும் இட வேண்டாம். ஒரு வயற்றுண்டைப் பாதியாகப் பிரித்து, ஒரு பாதியிற் புதியதையும் மறு பாதியிற் பழையதையும் செய்து, இரண்டையும் வெவ்வேறாக அறுத்து நிறுத்துப் பாருங்கள். வேறொரு துண்டிலும் அவ்வாறே செய்யுங்கள். இரண்டிலும் புதியதே மேலாயின் அடுத்த போகத்தில் விரிவாக்குங்கள். போதனாசிரியராகிய எனது ஆலோசனையையும் இவ்வாறே சோதித்துப் பார்க்க உங்களுக்கு உரிமையுண்டு.

வரம்பில் நின்று பார்த்த தவறு

இவ்வுரிமையை நான் வலியுறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. நான் விவசாயப் பாடசாலைக்குப் புறப்பட்டபோது என் தகப்பனார், "படித்து வந்து வரம்பில் நின்று கை காட்டாதே" என்று மட்டும் கூறினார். பணியேற்ற முதல் வருடத்தில், முதியவர் ஒருவர் தம் வயலில் ஓரிடம் மஞ்சளாகின்றது எனக் கூறி என்னை அழைத்துச் சென்றார். அன்று எனக்கு வேறு மூன்று இடங்களுக்குப் போகவேண்டியிருந்தது. வரம்பில் நின்று பார்த்து, நைதரசன் குறைவென்று முடிவுசெய்து, யூரியா இடுமாறு கூறினேன்.

அது நைதரசன் குறைவன்று. கபில நிறத் தத்தியின் தாக்கம். அப்பூச்சி பயிரின் அடியில், நீர்மட்டத்துக்குச் சற்று மேலே கூட்டமாக இருந்து சாற்றை உறிஞ்சும். பயிரை விலக்கி அடியைப் பார்த்தாலன்றி அது தெரியாது. யூரியாவால் தழைத்த பயிரில் அது மேலும் பெருகும். நான் மறுபடி சென்றபோது, மஞ்சளாயிருந்த இடம் எரிந்து வட்டமாய்ப் பரவி, வயலில் நாலிலொரு பங்கு அழிந்திருந்தது. அம்முதியவர் என்னை ஏசவில்லை. "தம்பி, அன்று நீங்கள் வரம்பில் நின்று பார்த்தீர்கள், வயலுக்குள் இறங்கவில்லை" என்று மட்டும் சொன்னார்.

கபில நிறத் தத்தியைப் பற்றிப் பரீட்சையில் நான் நன்றாகவே எழுதியிருந்தேன். அறிவு குறைவாயிருக்கவில்லை, இறங்கிப் பார்க்கும் பழக்கமே குறைவாயிருந்தது. அன்று தொடக்கம் வயலுக்குள் இறங்கி, ஐந்து இடங்களிற் பயிரை விலக்கிப் பாராமல் எவருக்கும் நான் ஆலோசனை கூறுவதில்லை. நீங்களும், இறங்கிப் பாராத ஒருவரின் ஆலோசனையை, அவர் எவ்வளவு படித்தவராயினும், ஏற்க வேண்டாம்.

பிள்ளைகளைக் கற்க அனுப்புதல்

இனி இரண்டாவது வினாவுக்கு வருவோம். வவுனியா, பரந்தன், குண்டசாலை முதலிய இடங்களில் விவசாயத் திணைக்களத்தின் விவசாயப் பாடசாலைகள் உள்ளன. பட்டப்படிப்பை விரும்புவோருக்குப் பேராதனைப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சியிலுள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விவசாய பீடத்திலும், வந்தாறுமூலையிலுள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்திலும் விவசாயக் கல்வி உண்டு. சேர்வதற்கு வேண்டிய தகைமைகளையும் விண்ணப்ப காலத்தையும் உங்கள் கமநல சேவை நிலையத்திற் பணியாற்றும் விவசாயப் போதனாசிரியரிடம் கேட்டறியலாம்.

படித்த பிள்ளை வயலில் இறங்குமா என்பதற்கு உறுதி கூற எவராலும் முடியாது. ஆனால் ஒன்று கூறலாம். பாடசாலையிலிருந்து விடுமுறைக்கு வரும் பிள்ளையிடம், "படிப்பு எப்படி?" என்று கேட்பதோடு நின்றுவிட்டால், அப்படிப்பு கொப்பியிலேயே தங்கிவிடும். "நம் விதைநெல் நூற்றுக்கு எத்தனை முளைக்கும், பார்த்துச் சொல்" என்று ஒரு வேலையை ஒப்படையுங்கள். வயலில் அரை ஏக்கரை அப்பிள்ளையின் பொறுப்பில் விட்டு, மிகுதியை நீங்கள் உங்கள் முறைப்படி செய்யுங்கள். அறுவடையில் இரண்டையும் நிறுத்துப் பாருங்கள். பிள்ளை வென்றால் நீங்கள் ஒன்றைக் கற்கின்றீர்கள். நீங்கள் வென்றால் பிள்ளை ஒன்றைக் கற்கின்றது. எவ்வழியிலும் வீட்டுக்கு இலாபமே. என் தகப்பனார் எனக்கு அவ்வாறு ஒரு துண்டு வயலைத் தந்தார். முதற் போகத்தில் அவரே வென்றார். வரம்புகளில் எலி வளை வெட்டியதை நான் கவனிக்கவில்லை, அவர் கவனித்திருந்தார்.

கமக்காரரே, உங்கள் அனுபவம் பல போகங்களில், பல மழைகளிலும் பல வறட்சிகளிலும் சேர்த்த செல்வம். கல்லூரிக் கல்வி அதற்கு மாற்றாகாது. அதனை எண்ணி எழுதிவைக்க உதவும் கருவியே அது. எழுதிவைக்கப்படாத அனுபவம், அதனையுடையவரோடு போய்விடும். எழுதிவைக்கப்பட்டது பிள்ளைகளுக்கு முதுசமாகும்.

ஆகவே வரும் போகத்துக்கு விதைநெல்லை ஊறவைப்பதற்கு முன், நூறு மணிகளை எண்ணி ஒரு சாக்குத் துண்டிற் சுற்றி வையுங்கள். ஒரு கொப்பியை வாங்கி, முதற் பக்கத்தில் விதைத்த நாளையும் நெல்லினத்தின் பெயரையும் முளைத்த மணிகளின் தொகையையும் எழுதுங்கள். அறுவடையின்போது நான்கு எண்களையும் அதில் எழுதி, உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். அவர் வரம்பில் நின்று அதனைப் படிக்க முற்பட்டால், முதலில் வயலுக்குள் இறங்கும்படி கேளுங்கள்.